‘அறை வெப்பநிலை’ என்றால் எந்த அறை? சிங்கப்பூர் வீட்டில் கேக் செய்கிறவர்களுக்கு

கேள்வி கேட்ட சகோதரி சொல்வது சுருக்கமாக இதுதான். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, மேசைமேல் வைக்கிற சின்ன ஓவன். பட்டர் கேக் ஒவ்வொரு முறையும் கனமாக வருகிறது. அடியில் களி போல ஒரு பட்டை, மேலே பெரிய வெடிப்பு. இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்ய ஆசை. புரட்டாசியில் மாமியார் முட்டை தொடமாட்டார். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

பட்டரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேக்கின் அடியில் இருக்கும் அந்தப் பட்டைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

செய்முறைகளில் எல்லாம் ‘பட்டரை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும்’ என்று ஒரு வரி இருக்கும். குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதியவருக்கு அறை என்றால் 20 டிகிரி. நம் சமையலறை மதியத்தில் 31, 32 டிகிரி. அவர் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொன்னதை நாமும் அப்படியே செய்தால், பட்டர் உருவம் கெடாமல் நிற்கும், ஆனால் உள்ளே தளர்ந்து எண்ணெய் விட ஆரம்பித்திருக்கும். பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிப்பது இரண்டையும் கலப்பதற்காக மட்டும் இல்லை. சீனியின் கூர்மையான மணிகள் பட்டருக்குள் ஓட்டை போட்டுக் காற்றைச் சிறைப்பிடிக்கின்றன. 18 முதல் 20 டிகிரியில் இருக்கும் பட்டர்தான் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் அளவுக்குக் கெட்டியாகவும், வளைந்து கொடுக்கும் அளவுக்கு மென்மையாகவும் இருக்கும். பேக்கிங் பவுடர் புதுக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. நாம் அடித்து வைத்த குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. குமிழியே இல்லாத மாவில் எத்தனை கரண்டி போட்டாலும் கசப்புதான் கூடும், கேக் எழும்பாது.

என் அம்மா மங்குச் சட்டியில் மரக்கரண்டியால் கையாலேயே அடிப்பார். எப்போதும் விடியற்காலை 5 மணிக்குத்தான். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னே வேலையை முடிக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, ‘வெயில் ஏறினா வெண்ணெய் அழுதிடும்’ என்றார். அந்த நேரத்தில் இங்கே 25 டிகிரிதான் இருக்கும். சட்டிக்கு அடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பேசினும் வைத்துக்கொள்வார். அவர் வெப்பமானி எதையும் பார்த்தவர் இல்லை. ஆனால் இந்த ஊருக்கு ஏற்ற முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் 25 வருடமாக எவ்வளவோ செய்முறைகளைப் பார்த்துவிட்டேன். அம்மாவின் அந்த 5 மணியைவிடப் பயனுள்ள யோசனை ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. பட்டரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சின்னத் துண்டுகளாக நறுக்குங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். ஆனால் விரலில் எண்ணெய்ப் பசை மினுங்கக் கூடாது. தொட்டால் லேசாகக் குளிர வேண்டும். மின்சார பீட்டர் சுற்றும்போது வரும் உராய்விலேயே மாவு இன்னும் இரண்டு மூன்று டிகிரி சூடாகும், அதையும் கணக்கில் வையுங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே கலவை பளபளக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டுப் பாத்திரத்தோடு 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள். நன்றாக அடிபட்ட கலவை மங்கலான வெள்ளையாக, துவைத்த பஞ்சு போல இருக்கும். கை பீட்டரில் இதற்கு 5, 6 நிமிடம் ஆகும்.

முட்டையைப் பற்றியும் இங்கே வேறு மாதிரி யோசிக்க வேண்டும். குளிர் நாட்டில் முட்டையை முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கலவை திரிந்துவிடும். நமக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10 நிமிடம் ஆன முட்டை நல்லது, லேசான குளிர்ச்சி பட்டரைக் கட்டுக்குள் வைக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒன்று முழுதாகக் கலந்த பிறகுதான் அடுத்தது. திரிவது போலத் தெரிந்தால் எடுத்து வைத்த மாவிலிருந்து ஒரு கரண்டி தூவி அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

இனி அளவு. 20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கு நான் போடுவது: பட்டர் 230 கிராம், மெல்லிய சீனி 180 கிராம், முட்டை 4, மைதா மாவு 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், பால் 60 மில்லி, கால் டீஸ்பூன் உப்பு, வெண்ணிலா. இங்கே விற்கும் பட்டர்க் கட்டிகள் சில 250 கிராம், சில 227 கிராம். ‘ஒரு கட்டி’ என்று சொல்லும் செய்முறையை நம்பாமல் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தராசு இல்லையென்றால் வேறெதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள். கப் கணக்கில் மாவு அளந்தால் அழுத்தி நிரப்புவதிலேயே 20, 30 கிராம் கூடிவிடும். மாவு சேர்த்த பிறகு பீட்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள், வெள்ளைத் தூள் மறைந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் கலக்கினால் மாவில் பசைத்தன்மை வளர்ந்து, கேக்கா ரொட்டியா என்று தெரியாமல் போகும்.

பட்டரில் எதை வாங்குவது? தகர டப்பாவில் வரும் கோல்டன் சர்ன்னுக்கு இந்த ஊரில் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு, மணம் தூக்கலாக இருக்கும். தினசரி கேக்குக்கு எஸ்சிஎஸ் போன்ற சாதாரணக் கட்டிப் பட்டரே போதும் என்பது என் அனுபவம். விசேஷ நாளுக்கு டப்பாப் பட்டரை எடுங்கள். பட்டருக்குப் பதில் நெய் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடலாம், ஆனால் பட்டரில் சுமார் 80 சதவிகிதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீரே இல்லை. 100 கிராம் பட்டர் என்றால் 80 கிராம் நெய், கூடவே கொஞ்சம் பால். இல்லாவிட்டால் கேக் எண்ணெய் கக்கும்.

இப்போது வெடிப்பு. சின்ன ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கிறது. உள்மாவு எழும்பி முடிக்கும் முன்பே மேல்தோல் வெந்து இறுகிவிடுகிறது. பிறகு உள்ளேயிருந்து தள்ளும் மாவு தோலைப் பிளக்கிறது. டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். 15, 20 நிமிடம் முன்பே சூடேற்றுங்கள். காற்றாடி இருக்கும் ஓவன் என்றால் செய்முறையில் சொன்னதைவிட 20 டிகிரி குறையுங்கள். ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்றை பூன் ஹுவாட் மாதிரி பேக்கிங் சாமான் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. என் பழைய ஓவனில் 170 என்று திருப்பினால் உள்ளே 195 காட்டியது. இரண்டு வருடம் நான் என் கைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கேக்கில் மேலே வெடிப்பதும் அடியில் வேகாமல் நிற்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால், உங்கள் ஓவனும் இதே சேட்டை செய்கிறது என்றே நினைக்கிறேன். உண்மையான 165, 170 டிகிரியில் மேலே சொன்ன அளவுக்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும்.

அடுத்து பண்டிகைகள். தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்றால் என் பதில் ஒன்றே ஒன்றுதான்: சூஜி (ரவை) கேக். இது ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழி வந்த யூரேஷியக் குடும்பங்களின் கேக். மலாக்கா போர்த்துகீசிய வழி வந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் செய்வது. ரவை, பாதாம், நிறைய முட்டை மஞ்சள், பட்டர். இலங்கைத் தமிழர் வீடுகளில் செய்யும் லவ் கேக்கிலும் ரவையும் முந்திரியும்தான் உயிர், இரண்டையும் அக்கா தங்கை என்றே சொல்லலாம். கேசரியும் ரவா லட்டும் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த கேக் அந்நியமே இல்லை. அதோடு, தீபாவளியன்று வீட்டுக்கு வருகிறவர்கள் காலையிலிருந்து இரவு வரை வந்துகொண்டே இருப்பார்கள். மேசைமேல் திறந்து மூடித் திறந்து மூடி இருக்கப்போகும் பலகாரத்துக்கு கிரீம் கேக் சரிவராது. சூஜி கேக் வெளியே மூன்று நாள் தாங்கும். செய்த அன்றைவிட மறுநாள்தான் ருசி, ரவை அதற்குள் பட்டரை முழுதாகக் குடித்திருக்கும்.

பட்டர் 250 கிராமையும் 180 கிராம் சீனியில் பாதியையும் முன்சொன்ன மாதிரி அடித்து, 150 கிராம் ரவையைக் கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். இந்த ஊறலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஊறாத ரவை கேக்கில் மணல் மாதிரி பல்லில் நெறுநெறுக்கும். தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் கிடைக்கும் உப்புமா ரவை பெரிய குருணையாக இருந்தால் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் கலவையை வெளியே எடுத்து அரை மணி நேரம் தளர விடுங்கள். 8 முட்டை மஞ்சளை மீதிச் சீனியோடு வெளுக்க அடித்துச் சேருங்கள். 100 கிராம் பாதாம் தூள், 80 கிராம் மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், மூன்று மேசைக்கரண்டி பால் அதன் பிறகு. கடைசியாக 4 முட்டையின் வெள்ளையை மென்மையாக நுரைக்க அடித்து, காற்று போகாமல் மூன்று தடவையாக மடித்துக் கலந்துவிடுங்கள். 160 டிகிரியில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். யூரேஷியர்கள் பிராந்தி விடுவார்கள். எங்கள் வீட்டில் பன்னீர் ஒரு கரண்டியும் ஏலக்காய் ஒரு சிட்டிகையும். பாதாமைத் தோலோடு வறுத்து நீங்களே பொடித்தால் வாசமே வேறு. மிஞ்சும் 4 வெள்ளைக்கருவை டப்பாவில் போட்டு உறைய வைத்து விடுங்கள், பஞ்சு போன்ற சிஃபான் கேக்குக்கு ஆகும்.

அந்த சிஃபானைப் பற்றி. பிள்ளைகளின் சாதாரண நாளுக்கும் பள்ளிக்கூடத்து டப்பாவுக்கும் பாண்டான் சிஃபானை மிஞ்சி எதுவும் இல்லை. நம் ஊர் கேக் என்றே எல்லோரும் சொல்கிறோம். சிஃபான் முறை பிறந்தது 1927இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், ஹாரி பேக்கர் என்பவர் கையில். இருபது வருடம் ரகசியமாக வைத்திருந்து 1947இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். ரகசியம் என்ன தெரியுமா? பட்டருக்குப் பதில் சமையல் எண்ணெய். அந்த ஒரு மாற்றம்தான் இதை நம் ஊருக்குப் பொருத்தமான கேக்காக ஆக்கியது. எண்ணெய் எந்த வெயிலிலும் ஒரே மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் கேக் இறுகாது. அதில் தேங்காய்ப் பாலும் பாண்டான் சாறும் சேர்ந்தபோது நம்முடையதாகிவிட்டது.

பாண்டான் இலை 20 எடுத்து, கத்தரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். சாற்றை ஒரு கண்ணாடி டம்ளரில் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடர்பச்சை அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு அடியில் இருப்பதை மட்டும் எடுங்கள். சாயம் சேர்க்காமல் செய்தால் கடை கேக் மாதிரி பளீர்ப் பச்சை வராது, வெளிர்பச்சைதான் வரும். அதுவே உண்மையான நிறம். நடுவில் குழாய் உள்ள அலுமினிய டின்னில் எண்ணெய் தடவக் கூடாது, ஒட்டாத பூச்சு உள்ள டின்னும் வேண்டாம். மாவு சுவரைப் பிடித்து ஏற வேண்டும். வெந்ததும் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டோடு நிமிர்த்தினால் தன் எடையிலேயே அமுங்கிப் போகும்.

பிறந்தநாள் கேக்கில் உங்களுக்கு எதிரி அலங்காரம். புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து வைத்தால் குளிர்சாதனம் இல்லை, பாட்டு பாடி முடிப்பதற்குள் பால் கிரீம் சரிந்துவிடும். நான் சாக்லேட் கனாஷ்தான் போடுவேன். கறுப்பு சாக்லேட் 2 பங்கு, கிரீம் 1 பங்கு, எடைக் கணக்கில். கிரீமைச் சூடாக்கிச் சாக்லேட்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கி, ஓர் இரவு இறுக விட்டுப் பூசினால் நம் வெயிலிலும் நிற்கும். ஃபாண்டன்ட் (சீனிப் பசைத் தகடு) போர்த்திய கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் இந்த ஈரக்காற்றில் முத்து முத்தாக வியர்க்கும். அதைத் துடைக்கப் போய்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். விட்டுவிடுங்கள், தானாகக் காயும்.

புரட்டாசிக்கு முட்டையில்லா கேக்: கெட்டித் தயிர் 250 கிராமில் 180 கிராம் சீனியைக் கரைத்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் ஆப்பசோடாவும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், பொங்கி நுரைக்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து முட்டை செய்ய வேண்டிய வேலையைச் செய்கின்றன. 120 மில்லி எண்ணெய், வெண்ணிலா, பிறகு 190 கிராம் மாவு. நுரை அடங்கும் முன் ஓவனுக்குள் போய்விட வேண்டும், 175 டிகிரி, 35 நிமிடம் போல. மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன்: பேரங்காடியில் விற்கும் சில தயிர்களில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள், அல்லது வீட்டில் உறை ஊற்றியதை வடிகட்டிக்கொள்ளுங்கள். மலாய் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் ஜெலட்டினோடு வெண்ணிலா எசென்ஸையும் பார்க்க வேண்டும், சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவர்கள் வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வருகிறது. நாம் திருப்பி அனுப்பும் தட்டை அவர்கள் தயக்கமில்லாமல் சாப்பிடும்படி செய்வது நம் பொறுப்பு.

கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்குத் தீபாவளி முடிந்த வாரமே பழங்களை ஊறப் போடுங்கள். உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் முஸ்தஃபா பேரங்காடியில் வாங்கிவிடலாம். ரம், பிராந்தியில் ஊறினால் வாரக்கணக்கில் நிற்கும். மது வேண்டாம் என்றால் ஆரஞ்சுச் சாற்றில் பழம், பட்டர், பழுப்புச் சீனி எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் முட்டையும் மாவும் கலந்து அன்றே சுட்டுவிடுங்கள். மது சேர்க்காத இந்த வகை கேக்கை இங்கே வெளியே வைக்காதீர்கள். விடியற்காலையில் நம் காற்றின் ஈரம் 90 சதவிகிதத்துக்கு மேல். நாலாம் நாளே பூசணம் தலைகாட்டும். ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் எடுங்கள்.

சீனப் புத்தாண்டுக்கு லாப்பிஸ் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் ஆசை வரும். ஒவ்வொரு அடுக்காக ஊற்றி, மேல்சூட்டில் மட்டும் சில நிமிடம் சுட்டு, 18, 20 அடுக்கு. இருபதுக்கு மேல் முட்டை மஞ்சள். மூன்று மணி நேரம் ஓவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பட்டர் கேக் கையில் வந்த பிறகு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகத் தீபாவளித் தட்டு அடுக்குவதைப் பற்றி, இதில் நிறைய பேர் தவறுகிறார்கள். சூஜி கேக்கை முந்தின நாளே சுட்டு, முழுக்க ஆறிய பிறகு மூடி வைத்து, மறுநாள் காலையில்தான் வெட்டுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தால் ஓரம் உதிராது. வெட்டிய துண்டுகளை முறுக்கோடும் அச்சு முறுக்கோடும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். கேக்கின் ஈரத்தை முறுக்கு இழுத்துக்கொண்டு மாலைக்குள் நமத்துவிடும். அண்டை வீட்டுக்கு அனுப்பும்போதும் இரண்டு டப்பா, இரண்டு மூடி.